சேவலும் வளவும்

தமிழிலக்கிய ஆய்வில் சேவல் பெரும்பாலும் மூன்று கோலங்களில் எடுத்துப் பேசப்பட்டு வந்துள்ளது. விடியலை அறிவிக்கும் பறவை என்பது ஒன்று. முருகனது கொடியில் அமர்ந்த தெய்வச்சின்னம் என்பது மற்றொன்று. களத்தில் மோதும் போர்ப்பறவை என்பது பிறிதொன்று. இவை யாவும் சேவல் யாது செய்கிறது என்பதைக் கூறுவன. அது யாருடைய வளவில் வாழ்கிறது, எத்தனை நாள் அங்கு வாழ விடப்படுகிறது, அங்கிருந்து அகற்றப்படின் எங்கே போகிறது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. இலக்கியத்திற்கு இவ்வினா அற்பமானதெனத் தோன்றக்கூடும். ஆயின், சேவலை மையமாகக் கொண்டு எழுந்த சிறந்த படைப்புகள் சிலவற்றை ஊன்றி நோக்குமிடத்து, அவற்றின் உயிர்நிலை இவ்வினாவிலேயே தங்கியிருப்பது புலனாகும்.

வினா எளிய கணக்கொன்றிலிருந்து பிறக்கிறது. ஓர் அடையில் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். ஒரே வளவில் இரண்டு முதிர்ந்த சேவல்கள் பெரும்பாலும் ஒத்து வாழா. ஆகவே ஒவ்வோர் அடையிலும் நான்கைந்து ஆண்குஞ்சுகள் பிறக்கும்போதே மிகையாகப் பிறக்கின்றன. அவை கறிச்சட்டிக்குப் போகலாம், சந்தைக்குப் போகலாம், அல்லது இன்னொரு வளவைத் தேடிப் போகலாம். மூன்றாவது வழியே அரிது. பெருந்தொழிலாகிவிட்ட முட்டை உற்பத்தியில் அவ்வழி முற்றாக அடைபட்டுவிட்டது. முட்டையினங்களில் பிறக்கும் ஆண்குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 700 கோடி என அத்தொகை மதிப்பிடப்படுகிறது. ஜேர்மனியும் பிரான்சும் 2022இல் இவ்வழக்கத்தைத் தடைசெய்யத் தொடங்கின. அருகிவரும் பாரம்பரிய இனமொன்றிற் பிறந்த சேவலாயின் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. அதனைக் கொல்வது இனத்துக்கு இழப்பு. அதனை வைத்திருப்பது வளவுக்குச் சண்டை.

சங்கச் செய்யுளில் சேவலின் வாழிடம் பற்றிய குறிப்புகள் போகிறபோக்கில் வந்து விழுவன. குறுந்தொகையின் 107ஆம் பாட்டில், பிரிந்திருந்து மீண்ட தலைவனோடு இரவைக் கழித்த தலைவி, தன் துயிலைக் கெடுத்த சேவலைச் சபிக்கிறாள். வீட்டெலியைத் தேடி இருளிற் திரியும் காட்டுப்பூனைக் குட்டிக்கு அது நெடுநாள் இரையாக வேண்டுமென்பது அவளது வேண்டுதல். ஒரு முறை கூவியதற்கு இத்துணைப் பெரிய தண்டனையை வேறெந்த நீதிபதியும் விதித்திருக்கமாட்டார். எனினும் இச்சாபத்தின் உள்ளே இல்லறத்தின் உண்மையொன்று இருக்கிறது. தலைவியின் மனைக்கு அருகிலேயே அச்சேவல் வாழ்கிறது. அது அவ்வீட்டின் உறுப்பு. அதனாலேயே அதன் குரல் அவளது பள்ளியறைவரை எட்டுகிறது. அள்ளூர் நன்முல்லையின் 157ஆம் பாட்டிலும் கூவல் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது.

இவ்விரண்டிலிருந்தும் முற்றாக விலகி நிற்பது 305ஆம் பாட்டு. குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் மோதுகின்றன. களத்துச் சேவலுக்கு ஏவிவிடுவோர் உண்டு, விலக்கிவிடுவோரும் உண்டு. குப்பைமேட்டுச் சேவலுக்கு இருவருமில்லை. தாமே மோதித் தாமே மாய வேண்டும். தன் காமநோய் அத்தகையது, அதனைத் தீர்ப்பார் இல்லை என்பது தலைவி கூற்று. இவ்வுவமையின் நயத்தை உரைகாரர் பலர் பாராட்டியுள்ளனர். பாராட்டாது விட்டது ஒன்றுண்டு. குப்பைமேடு என்பது எவருடைய வளவும் அன்று. அது ஊரின் பொதுவிடம், யாரும் உரிமை கோராத இடம். அங்கே மோதும் சேவல்கள் உடையவர் இல்லாதவை. காப்பாரற்ற நிலையை உணர்த்தப் புலவர் வீடில்லாச் சேவலைத் தேர்ந்தெடுத்தமை தற்செயலன்று. இதைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், குப்பைக்கோழியார் என்னும் பெயரே நின்றுவிட்டது. இடமற்ற பறவை புலவருக்கு இலக்கியத்தில் ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டது என்று கூறலாம்.

சேவலுக்கு உடையவர் உண்டெனில் அதன் மதிப்பு எத்துணை உயரும் என்பதற்கு விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரம், இந்தளூர் ஆகிய ஊர்களிற் கிடைத்த நடுகற்கள் சான்று. 5ஆம் நூற்றாண்டளவினவாகக் கருதப்படும் இக்கற்களில் போர்ச்சேவல்களின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. ஒன்று மேற்சேரிக்காகப் பொருதது, மற்றொன்று கீழ்ச்சேரிக்குரியது. ஆநிரை மீட்டு மாண்ட மறவனுக்கு நட்ட கல்லையே ஊரார் சேவலுக்கும் நட்டனர். ஆயினும் அக்கல்லிற் பதிவாகியிருப்பது சேவலின் பெயரோடு சேரியின் பெயருமாகும். இன்ன சேரியின் சேவல் என்பதே அதன் முகவரி. உறையூருக்குக் கோழி என்னும் பெயர் வந்த கதையும் இவ்வகையினதே. யானையை எதிர்த்து வென்ற கோழியின் பெயரை ஊர் தனக்கே சூட்டிக்கொண்டது.

அறபுலகத்தின் இலக்கியம் இதே பறவையை வேறொரு கோணத்தில் அணுகிற்று. 9ஆம் நூற்றாண்டில் பஸறாவில் வாழ்ந்த அல்-ஜாஹிழ் தமது ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் பெருநூலின் தொடக்கப் பாகங்களில் நாயை ஆதரிப்பவருக்கும் சேவலை ஆதரிப்பவருக்கும் இடையே நீண்ட வாதமொன்றை நடத்துகிறார். விளையாட்டெனத் தொடங்கும் அவ்வாதம், உயிர்களின் குணங்குற்றங்களை எடைபோடும் உயர்ந்த உரைநடையாக வளர்கிறது. அதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர் எகிப்தில் வாழ்ந்த அத்-தமீரீ, விலங்குகள் பற்றிய தமது அகராதியில், சேவலின் பேதைமைக்கு எடுத்துக்காட்டாக ஒன்றைக் குறிப்பிடுகிறார். மதிலிலிருந்து அப்பால் விழுந்துவிட்டால் தன்னை வளர்த்தோரின் வீட்டுக்கு மீளும் வழி அதற்குத் தெரியாதாம். நாயின் குணத்தோடு ஒப்பிடுங்கால் இது குறையே. ஆனால் புதிய வளவொன்றைத் தேடிச் செல்ல வேண்டிய பறவைக்கு இக்குறை ஒரு நற்பேறும் ஆகும். கோழி வளர்ப்போர் இதனை நன்கறிவர். காலிற் கயிறு கட்டியோ கூட்டிலடைத்தோ சில நாள் வைத்திருந்து அவிழ்த்துவிட்டால், பேடுகள் உள்ள இடமே சேவலுக்கு வீடாகிவிடுகிறது.

இசுலாமிய மரபில் சேவலின் நிலை மேலானது. அதன் கூவலைக் கேட்கும்போது இறைவனின் அருளை வேண்டுமாறும், தொழுகைக்கு எழுப்புவதால் அதனை ஏசாதிருக்குமாறும் நபிமொழிகள் பணிக்கின்றன. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதைத் தடுக்கும் நபிமொழியும் உண்டு. சூதும் விலக்கப்பட்டதே. இவ்விரு விலக்குகளும் சேர்ந்து அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் இலக்கியத்தில் ஒரு விளைவை ஏற்படுத்தியிருக்கின்றன. மருதமுனை முதல் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில்வரை நீளும் இக்கரையில், மதுரைப் புறத்திற் போலக் களச்சேவல் காவியநாயகனாக எழுவதற்கான அடித்தளம் வலுவற்றது. குறுந்தொகைத் தலைவி சபித்த அதே கூவல் இங்கே சுபஹுத் தொழுகைக்கான நினைவூட்டல். சேவல் இங்கே வீட்டுப் பறவை. அதன் கதை எழுதப்படுமாயின், அது வளவின் கதையாகவே அமைய முடியும்.

வளவு யாருடையது? இக்கரையில் இவ்வினாவுக்கு விடை ஐயத்திற்கிடமற்றது. வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படுகின்றன; மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுகிறான். தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ‘குடி’ தாய்வழியாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூல் இவ்வமைப்பை விரிவாக விளக்குகிறது. ஆண் இங்கே ஒரு வீட்டில் பிறந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். கோழிகளும் ஏறத்தாழ இவ்வொழுங்கிலேயே வாழ்கின்றன. முற்றத்துக் கோழி பெண்களின் சிறுவாட்டுச் சொத்து. முட்டை விற்ற காசு அவர்களது கையிலேயே தங்கும். பேடுகள் தாயின் வளவில் தங்குகின்றன, சாவல் கைமாறுகிறது. (இக்கரையோரத்தில் சேவல் என்னும் சொல்லைக் காட்டிலும் சாவல் என்பதே பேச்சில் நிற்பது.) அயல்வீட்டுச் சாவல் திடமானதென்றால், அவ்வீட்டு முட்டைகளை மாற்றி வாங்கித் தம் பேட்டின்கீழ் அடைவைப்பதும் பெண்கள் தமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடே. பறவை இடம்பெயராமலே அதன் வித்து இடம்பெயர்ந்துவிடுகிறது.

பேட்டை வாரத்துக்கு விடலாம். பொரிக்கும் குஞ்சுகளை உடையவளும் வளர்ப்பவளும் பங்கிட்டுக்கொள்வர். சாவலை வாரத்துக்கு விடுவதில் பங்கிட எதுவுமில்லை. அது முட்டையிடாது, அடைகாவாது. தீனி மட்டும் தின்னும். ஆதலின் அதற்கு வேறு போக்கிடங்களே விதிக்கப்பட்டுள்ளன. விருந்தாளி வந்தால் ஒன்று, நோன்பு முடிந்து பெருநாள் வந்தால் ஒன்று. நேர்ச்சைக்கென ஒதுக்கப்பட்ட சாவலுக்கு மட்டும் ஒரு தவணை உண்டு; கந்தூரி நாள்வரை அதன்மேல் எவரும் கைவையார். நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாவின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றப்படும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கந்தூரிக் காலம் இக்கரையெங்கும் அறியப்பட்டது. எல்லாவற்றிலும் முரண்நகை மிக்கது மாப்பிள்ளை விருந்து. புதிய ஆண் ஒருவன் வீட்டுக்குள் வந்து சேர்வதைக் கொண்டாடுவதற்காக, அவ்வளவில் வளர்ந்த இன்னோர் ஆண் வெளியேற்றப்படுகிறது. இம்முரணை எடுத்தாளும் சிறுகதையொன்றுக்கு இம்மண்ணிற் பொருள் நிறைய உண்டு.

வறுமையும் சேவலும் ஒரே கூரையின்கீழ் வாழும்போது என்ன நிகழும் என்பதை உலக இலக்கியத்தில் மிகத் துல்லியமாகக் காட்டியவர் கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ். கேணல் ஒருவருக்கு எவரும் கடிதம் எழுதாமையைத் தலைப்பாகக் கொண்ட அவரது குறுநாவல் 1961இல் நூலுருப் பெற்றது. போரிற் பங்குபற்றிய முதிய கேணல் பதினைந்து ஆண்டுகளாகத் தமது ஓய்வூதியக் கடிதத்திற்காக வெள்ளிக்கிழமைதோறும் தபாற்படகை எதிர்பார்த்து நிற்கிறார். ஒரே மகன் அகுஸ்தீன், இரகசியத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காகச் சேவற்களத்தில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டவன். அவன் விட்டுச்சென்றது ஒரு போர்ச்சேவல். அதன் போட்டி ஜனவரியில். அதுவரை அதற்குத் தீனி போட வேண்டும். வீட்டில் மனிதருக்கே உணவில்லை. அடுப்பிற் பானை ஏறவில்லை என அயலார் அறிந்துவிடாதிருக்க, கேணலின் மனைவி வெறுங்கற்களைக் கொதிக்க வைத்தவள். ஊர்ச் செல்வந்தர் சபாஸ் சேவலின் பெறுமதி தொள்ளாயிரம் பெசோ என்கிறார். வாங்கும் கட்டத்தில் நானூறுக்கு இறங்கிவிடுகிறார்.

இக்கதையைப் பலர் அரசியல் உருவகமாக வாசித்தனர். சேவல் மக்களின் எதிர்ப்புணர்வு, ஓய்வூதியம் அரசின் பொய்வாக்கு எனப் பொருத்தங்கள் காட்டப்பட்டன. அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் அது கதையின் நடுப்பகுதியை விரைந்து கடந்துவிடுகிறது. கேணல் உண்மையிற் செய்வது சேவலுக்கு வேறு வீடு தேடுவது. மகனின் நண்பர்களிடம் அதனைக் கொடுத்துவிட முயல்கிறார். அவர்கள் உரிமையை ஏற்க மறுத்து, தீனியை மட்டும் ஏற்றுக்கொள்கின்றனர். அகுஸ்தீனின் சேவலை அவனது தந்தையே களத்தில் விடவேண்டும் என்பது அவர்களது கட்சி. பின்னர் விற்க முயல்கிறார். விலை பாதியாகச் சரிகிறது. பின்னர் நண்பர்கள் அதனைப் பயிற்சிக் களத்துக்கு எடுத்துச் செல்ல, ஊரே திரண்டு ஆரவாரிக்கிறது. கேணல் கூட்டத்தினுட் புகுந்து, பேசாமல் சேவலை எடுத்துக் கைக்குள் அணைத்தபடி வீடு திரும்புகிறார். அக்கணத்தில் அதன் சூடான நெஞ்சுத் துடிப்பை உணரும் முதியவரின் கை, நாவல் முழுவதற்கும் அச்சாணி. விற்பனை அத்துடன் முடிந்துபோகிறது.

மார்க்வெஸின் வெற்றி எங்குள்ளதெனின், சேவல் களத்தில் வெல்லுமா என்பதை அவர் இறுதிவரை காட்டாமையில் உள்ளது. ஜனவரி வருமுன்பே கதை முடிந்துவிடுகிறது. சேவலின் தகுதி வெற்றியினால் நிறுவப்படவில்லை. அது மாண்டவனின் உடைமை, ஊராரின் நம்பிக்கை, முதியவரின் பிடிவாதம் ஆகிய மூன்றும் சேருமிடம். அதை வைத்திருப்பதற்குக் கொடுக்கப்படும் விலை பசி. மனைவியின் எதிர்வாதமும் ஆசிரியராற் குறைத்து மதிக்கப்படவில்லை. ஆஸ்துமாவால் இளைத்த அப்பெண் தாம் என்ன உண்பது என்று கேட்பது நியாயமான கேள்வி. வாசகன் எப்பக்கமும் முழுமையாகச் சாய முடியாது தவிக்கிறான். சேவலுக்கு இடங்கொடுப்பது செலவில்லாத அறமன்று என்பதை இத்துணைத் தெளிவாக வேறெப்படைப்பும் உணர்த்தியதாகத் தெரியவில்லை.

தமிழில் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது ஓர் எழுத்துப் படைப்பன்று, ஒரு திரைப்படம். வெற்றிமாறன் இயக்கி 2011 பொங்கலுக்கு வெளிவந்த ‘ஆடுகளம்’ மதுரைச் சேவற்கட்டைக் களமாகக் கொண்டது. தேசிய விருதுகள் ஆறினைப் பெற்றது. சேவற்கலையில் ஆசானாகிய பேட்டைக்காரனாக நடித்தவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். இலங்கை முஸ்லிம்களின் தேசிய இனப்பிரச்சினை குறித்து எண்பதுகளிலேயே நூலெழுதியவர் என்ற வகையிலும் அவர் கிழக்கிலங்கை வாசகருக்கு அந்நியரல்லர். படத்தின் திருப்பம் ஒரு கழிக்கப்பட்ட சேவலில் தொடங்குகிறது. தேறாது, அறுத்துவிடு என ஆசான் தீர்ப்பளித்த சேவலைச் சீடன் கருப்பு கொல்லாமல் தன்னிடம் வைத்து வளர்க்கிறான். அச்சேவல் களத்தில் வென்றுவிட, ஆசானின் கணிப்புப் பொய்க்கிறது. அதிலிருந்து முளைக்கும் பொறாமை நஞ்சாகிறது.

ஆசான்–சீடன் உறவின் சிதைவைக் காட்டுவதில் இப்படத்தின் ஆற்றல் மறுக்கத்தக்கதன்று. ஆனால் சேவலின் தரப்பிலிருந்து நோக்கின் ஒரு குறை தெரிகிறது. கழிக்கப்பட்ட பறவை வாழ்வுக்கு உரித்துடையதென்று நிறுவ, அது வெல்ல வேண்டியிருக்கிறது. தோற்றிருந்தால் ஆசானின் தீர்ப்பே சரியென்றாகியிருக்கும். தோற்ற சேவலின் நிலை என்னவென்பது சேவற்கட்டு மரபில் ஐயமின்றி வரையறுக்கப்பட்டது. தென்தமிழ்நாட்டில் அதற்குக் கோச்சை என்று பெயர். அதன் இறைச்சி வென்றவனின் வீட்டில் வேகும். பாலித்தீவுச் சேவற்போர் பற்றி 1972இல் கட்டுரை எழுதிய கிளிஃபோர்ட் கீர்ட்ஸும் தோற்ற பறவை வென்றவன் பக்கமே போய்ச்சேர்வதைப் பதிவுசெய்துள்ளார். சேவலின் இரண்டாவது வீடு பகைவனின் அடுக்களையாகிறது. 2011ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி யுவ புரஸ்கார் பெற்ற ம. தவசியின் ‘சேவல்கட்டு’ நாவலும் தலைப்பிலேயே தன் களத்தைக் கூறிவிடுகிறது. தமிழ்ப் புனைவு சேவலைப் பின்தொடர்ந்து களம்வரை சென்றிருக்கிறது. களத்திலிருந்து திரும்பும் வழியில், அல்லது களத்துக்கே போகாத சேவலோடு, அது நெடுந்தூரம் நடந்ததில்லை.

களம் இல்லாமலே அரிய சேவலுக்கு இடம் தேடும் முயற்சி நடைமுறையில் தொடங்கிவிட்டது. கிளிமூக்கு விசிறிவால் எனப்படும் அசில் வகை தமிழ்நாட்டிற் பேணப்படுகிறது. கிளியின் அலகுபோல் வளைந்த மூக்கும் நீண்டு விரிந்த வாலும் கொண்ட இச்சேவல்கள் சண்டைக்கன்றிக் காட்சிக்கே வளர்க்கப்படுகின்றன. திண்டுக்கல் முதலிய இடங்களில் நடைபெறும் கண்காட்சிகளில் அவை பரிசு பெறுகின்றன, பெருவிலைக்குக் கைமாறுகின்றன. இது ஒருவகை மீட்பு எனினும் முழு மீட்பன்று. அழகுக்கு விலை வைக்கும் சந்தை அழகில்லாத உடன்பிறப்பைக் கழித்துவிடுகிறது. நூறு குஞ்சில் ஒன்று மேடையேறும். மற்றவற்றின் வீடு பற்றி அங்கும் பேச்சில்லை.

அசில் என்னும் பெயரே ஆராயத்தக்கது. மூலம், குலத்தூய்மை என்னும் பொருள்தரும் அறபுச் சொல்லடியாக அது பிறந்தது. இவ்வினத்தின் நிறவகைகளுக்கு வழங்கும் நூரி, யாக்கூப் போன்ற பெயர்களிலும் அதே சாயல் உண்டு. மதுரையிற் கத்தி கட்டிய பறவைக்குக் கல்முனையில் மக்தபிற் படிக்கும் சிறுவனுக்கும் விளங்கக்கூடிய பெயர் வாய்த்திருப்பது சுவையான செய்தி. தூய்மை என்பது ஆயினும் ஆபத்தான கருத்து. மூலத்தை மட்டும் பேணுவோர் ஒரே சேவலைத் திரும்பத் திரும்ப அதன் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்க்க நேரிடும்.

இங்கே கணக்கொன்றைக் கூறுதல் தகும். ஒரு கூட்டத்தில் எத்தனை பறவைகள் உள்ளன என்பதைக் கொண்டு அதன் மரபுவளத்தை அளவிட முடியாது. ஆண்தொகையையும் பெண்தொகையையும் பெருக்கி, வந்ததை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பயனுறு தொகை கிடைக்கும். ஒரு சேவலும் பத்துப் பேடும் கொண்ட பதினொரு பறவைக் கூட்டம் இக்கணக்கிற் சுமார் 3.6 பறவைக்கே சமம். அதே பத்துப் பேட்டுக்கு ஐந்து சேவல்கள் வெவ்வேறு வளவுகளில் இருந்தால் அது 13.3 ஆக உயரும். மிகையென ஒதுக்கப்பட்ட நான்கு சேவல்கள் இனத்தின் வளத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்குகின்றன. கழுத்தில் இறகற்ற கோழி, சுருண்ட சிறகுக் கோழி போன்ற ஊர்க்கோழி வகைகள் இலங்கைக் கிராமங்களில் இன்னமும் காணப்படுகின்றன. இறகு குறைந்த உடல் வெக்கையைத் தாங்க உதவுவது. இத்தகைய வகையிற் பிறந்த சாவலைக் குழம்புக்குக் கொடுப்பதற்கும் இரண்டு ஊர் தள்ளி ஒரு வளவுக்குக் கொடுப்பதற்கும் இடையிலான வேறுபாடு மேற்படி எண்களில் தெரிகிறது.

வளவுகளோ சுருங்கிவருகின்றன. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோரக் குடியிருப்புகள் நிர்மூலமாயின. கிழக்குக் கரைக்கு முதலில் விதிக்கப்பட்ட 200 மீற்றர் தடைவலயம், நெருக்கமாக வாழ்ந்த இவ்வூர்களில் மீளக் குடியமர்த்துவதற்கான நிலத்தை அரிதாக்கிற்று. அதன் விளைவாக மாடிவீட்டுத் தொகுதிகள் எழுந்தன. மக்களுக்கு வீடு கிடைத்தது, வளவு கிடைக்கவில்லை. சீதனமாகக் கொடுக்க முற்றமில்லாத வீட்டில் பெண்ணின் சிறுவாட்டுக் கோழிக்கும் இடமில்லை. விடியற்காலையிற் கூவும் சாவலுக்கு இரண்டாம் மாடியில் எவர் இடந்தருவர்? சுனாமி பற்றிய ஈழத்துக் கவிதைகள் மனித இழப்பைப் பாடின, அது இயல்பே. முற்றத்தின் இழப்பு அவற்றைவிட மெல்லிய குரலில் எழுதப்பட வேண்டியது.

அதற்கான மரபு இம்மண்ணில் இல்லாமலில்லை. அன்றாட வாழ்வின் சிறு பொருட்களிலிருந்து சமூகத்தை வாசிக்கும் பயிற்சியை மருதமுனையின் மருதூர்க்கொத்தன் தமது சிறுகதைகளிலும், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான் தமது கவிதையிலும் விமர்சனத்திலும் ஏற்படுத்திச் சென்றனர். நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொகுத்த நாட்டார் கவிகள் பெண்களின் பேச்சுமொழியைக் காத்துத் தந்தன. கல்முனைக் கவிஞர் சோலைக்கிளி ‘நானும் ஒரு பூனை’, ‘காகம் கலைத்த கனவு’ எனத் தொகுதிகளுக்குப் பெயரிட்டு, வேலியோரத்து உயிர்களைத் தலைவாசலுக்கே அழைத்து வந்தார். பூனையும் காகமும் எவரும் வளர்க்காமலே வாழக் கற்றவை. சாவல் அவ்வாறன்று, அதற்கு ஒருவர் இடங்கொடுக்க வேண்டும், தீனி போட வேண்டும், அறுக்காதிருக்க வேண்டும். இவ்வுறவின் சிக்கலைக் கையாளுவதற்குக் கவிதையினும் சிறுகதையும் குறுநாவலுமே ஏற்ற வடிவங்கள் எனத் தோன்றுகிறது.

இலங்கை ஊர்க்கோழிகளின் மரபணு பற்றி 2009இல் வெளியான ஆய்வொன்று, அவற்றையும் இந்நாட்டுக்கே உரிய காட்டுக்கோழியையும் இழைமணி மரபணுவின் வழி ஒப்பிட்டது. இழைமணி மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்வது. ஆகவே அவ்வழியில் தெரியவருவது தாய்க்கோழிகளின் கால்வழி. குடியைத் தாய்வழியாக எண்ணும் கரையோர மக்களுக்கு அம்முறை புதுமையாகத் தோன்றாது. எந்தக் காட்டுச் சாவல் எந்த வேலியைத் தாண்டி வந்தது, எந்தச் சாவல் மருதமுனையிலிருந்து நிந்தவூருக்குப் போயிற்று என்பனவற்றை இழைமணி சொல்லாது. முட்டை மாற்றி அடைவைத்த பெண்களின் நினைவில் அவற்றுட் சில இன்னும் இருக்கக்கூடும்: இன்னார் வீட்டுக் கழுத்துரிஞ்ச சாவல், இன்னார் மகளின் கலியாணத்துக்கு அறுக்காமல் விட்டது, பிறகு இன்ன ஊர் மச்சி வந்து கேட்டு வாங்கிப்போனது என்றவாறு.